கையெழுத்துக்கு முன் ஒரு மணி நேரம்

போன செவ்வாய்க்கிழமை காலை, கம்பெனி பஸ் பெங்களூர் சில்க் போர்டு சிக்னலில் வழக்கம்போல் நகராமல் நின்றுகொண்டிருந்தபோது, ஹெலன் மேடம் இறந்துவிட்டார் என்ற செய்தி என் போனுக்கு வந்தது. கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் அவருடைய படம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, ‘பசுமைத் தொழில்நுட்பத்தின் முன்னோடி’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்கும் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அந்தப் படம் ஒரு விருது விழாவில் எடுத்தது. விருதை வாங்கியது எங்கள் எம்.டி. மேடம் ஓரமாக நின்றிருந்தார். இப்போது அவரை மட்டும் தனியாக வெட்டி எடுத்திருந்தார்கள். எம்.டி.யின் இரண்டு விரல்கள் மட்டும் படத்தின் விளிம்பில் மிச்சமிருந்தன.

பஸ் ஹெப்பகோடியில் இருக்கும் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்வதற்குள் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். “சார், நீங்கதான் அவங்களோட ரொம்ப வருஷம் வேலை பார்த்தவரு. நியூஸ்லெட்டருக்கு ஒரு அரைப் பக்கம் எழுதிக் கொடுங்க சார். கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும்.” சரி என்றேன். எனக்குச் சரி என்று சொல்லித்தான் பழக்கம். ஆனால் இது அரைப் பக்கத்தில் அடங்கவில்லை. அவர் கேட்ட மாதிரியும் வரவில்லை. கம்பெனி போடாவிட்டால் தன் சர்ச் மலரில் போட்டுக்கொள்வதாக மேடத்தின் தங்கை கிரேஸ் சொல்லியிருக்கிறார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். ஹெலன் சுகுணா அவர்கள் காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளி ஆசிரியையான தங்கையோடு அப்பா காலத்து ஓட்டு வீட்டிலேயே கடைசிவரை இருந்தார். எங்கள் ஃபோம் தொழிற்சாலையில் லேப் பொறுப்பாளராக இருபத்தேழு வருடங்கள் வேலை பார்த்தார். மெத்தைக்கும் சோபாவுக்கும் உள்ளே இருக்குமே, அந்த ஃபோம்தான் எங்கள் சரக்கு. திரவங்களைக் கலந்து ஒரு பெரிய மரப்பெட்டிக்குள் ஊற்றினால், இரண்டு நிமிஷத்தில் பொங்கி இடுப்பு உயரத்துக்கு எழும்பி நிற்கும். மறுநாள் அதை ரொட்டி போல அறுத்து எடுப்போம்.

நான் ஷிப்ட் இன்சார்ஜாகச் சேர்ந்த முதல் நாள், டெஸ்ட் ஷீட்டில் கையெழுத்து வாங்க லேபுக்குப் போனேன். மேடம் ஒரு மர பெஞ்சில், அன்றைய பேட்சிலிருந்து வெட்டிய ஓர் அடி சதுர ஃபோம் துண்டின்மேல் உட்கார்ந்து, தக்காளி சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேஜையில் மிஷின் ரிப்போர்ட் தயாராக இருந்தது. எல்லா எண்களும் சரியாக இருந்தன.

“ரிப்போர்ட் ஓகேதானே மேடம், சைன் பண்ணிடுங்க” என்றேன்.

“இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. நீங்க சாப்டீங்களா?”

சாப்பாட்டு நேரமும் அதற்குப் பிறகு பதிவேடு எழுதும் நேரமுமாக ஒரு மணி நேரம் அவர் அந்தத் துண்டைவிட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு எழுந்து, ஸ்டீல் ஸ்கேலை வைத்து உயரத்தை அளந்தார். கட்டை விரலால் நடுவில் ஓர் அழுத்து அழுத்திவிட்டு, வாய்விட்டு எண்ணினார். ‘ஒண்ணு’ சொல்லி முடிப்பதற்குள் பள்ளம் நிரம்பிவிட்டது. அப்புறம்தான் கையெழுத்து. துண்டின் ஓரத்தில் பேட்ச் நம்பரை எழுதி, பின்னாலிருந்த இரும்பு அலமாரியில் அடுக்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதைக் கவனித்துவிட்டார்.

“மிஷினுக்கு முதுகு இல்ல மணி. மெத்தையில படுக்கிறவங்களுக்கு இருக்கு. இங்க யாரு கையெழுத்துப் போட்டாலும் மொதல்ல உட்காரணும்.”

அது எழுதப்படாத சட்டமாகவே எங்கள் தொழிற்சாலையில் இருந்தது. மேடம் லீவு போட்ட நாட்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவரைப் பற்றிப் பையன்கள் ஆயிரம் கிண்டல் செய்வார்கள். ‘மேடம் அடைகாக்கிறாங்க’ என்பார்கள். அது அவர் காதுக்கும் போயிற்று. “கூமுட்டை எதுன்னு உட்கார்ந்தாத்தானே தெரியும்” என்றார்.

கல் தூள் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும், கடைசியில் அவரை வெளியே அனுப்பியதும் அதுதான்.

எங்கள் ஏரியாவைச் சுற்றி கிரானைட் அறுத்துப் பாலிஷ் போடும் பட்டறைகள் நிறைய உண்டு. அறுக்கும்போது தண்ணீரோடு சாம்பல் நிறத்தில் ஒரு சேறு வரும். அதை டேங்கர்களில் கொண்டுபோய், கேட்பாரில்லாத ஏரிக்கரைகளில் கொட்டிவிடுவார்கள். வெயிலில் காய்ந்ததும் காற்றில் பறக்கும். எங்கள் ஆபரேட்டர் முனிரத்தினம் அந்த ஏரி ஓரம்தான் குடியிருந்தார். ஒரு நாள் அவர் டிபன் பாக்ஸைத் திறந்தபோது சோற்றின்மேல் மெல்லிய சாம்பல் படர்ந்திருந்தது. அவர் பாட்டுக்கு ஊதிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். மேடம் அந்தச் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் பஸ்ஸை அந்த ஏரிக்கரையில் நிறுத்தச் சொல்லி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, தன் டிபன் கேரியரின் ஓர் அடுக்கு நிறைய அந்தச் சேற்றை அள்ளி வந்தார்.

ஃபோமில் சுண்ணாம்புப் பொடி மாதிரி ஏதாவது ஒன்றைக் கலப்பது புதிதல்ல. அதற்கென்று மலையை உடைத்து அரைத்துப் பொடி வாங்குகிறோம், ஊரெல்லாம் கொட்டிக் கிடக்கிற இந்தப் பொடியை ஏன் போடக்கூடாது என்பதுதான் மேடத்தின் கேள்வி.

முதல் முயற்சியில் நாங்கள் செய்த தப்பை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மட்டும்தான் செய்ய முடியும். சேற்றை மொட்டை மாடியில் தார்ப்பாயில் பரப்பிக் காயவைத்திருந்தோம். மத்தியானம் ஒரு தூறல் போட்டுவிட்டுப் போனது. பெங்களூர்த் தூறல்தானே என்று நான் மேலாகக் கிளறிப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். மேடமும் என் பேச்சை நம்பினார். உள்ளே ஈரம் இருந்திருக்கிறது. ஃபோம் கெமிக்கலில் தண்ணீர் பட்டால் கேஸ் கிளம்பும். ஊற்றிய ஒரு நிமிஷத்தில் சரக்கு பெட்டியை நிரப்பி, மூடியைத் தூக்கி எறிந்து, மேலே போய்க்கொண்டே இருந்தது. டியூப் லைட்டைத் தொட்டுத்தான் நின்றது. நடுவில் வெடித்துப் புகை வந்தது. முனிரத்தினம், “ஐயோ மேடம், ஏரியில இருந்த பேய் வந்துடுச்சு!” என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினார். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார், சிரித்தார், அப்படிச் சிரித்தார். அவர் அவ்வளவு சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“மணி, காய்ஞ்சிடுச்சுன்னு யாரு சொன்னது?”

“நான்தான் மேடம்.”

“தொட்டுப் பார்த்தீங்களா?”

“மேலாகப் பார்த்தேன்.”

“மேலாகப் பார்க்காதீங்க” என்றார். அவ்வளவுதான். அந்த வார்த்தை எனக்குப் பிற்பாடு எத்தனை தடவை வேண்டியிருக்கும் என்று அப்போது தெரியவில்லை.

அதன் பிறகு அடுப்பில் வைத்துக் காயவைத்தார். சலித்தார். எவ்வளவு போட்டால் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க இரண்டு வருடம் ஆயிற்று. மூக்கில் துணியைக் கட்டாமல் அந்தப் பொடியை யாரும் கையாளக்கூடாது என்று கண்டிப்பாக இருந்தார். முடிவில், சாமான் பேக்கிங் செய்யும் ஃபோமுக்கு அந்தப் பொடி அருமையாகப் பொருந்தியது. பிரிட்ஜும் மோட்டாரும் அடிபடாமல் போய்ச் சேர்ந்தன. ஏரிக்கரைக்குப் போக வேண்டிய டேங்கர்களில் சில எங்கள் வாசலுக்கு வந்தன. முனிரத்தினத்தின் டிபன் பாக்ஸில் சாம்பல் குறைந்ததா என்று மேடம் தினமும் எட்டிப் பார்ப்பார். குறைந்திருந்தது. அதுதான் தனக்குக் கிடைத்த விருது என்று சொல்லக்கூடிய ஆள் இல்லை அவர். நிஜமான விருதை மேடையில் எம்.டி. வாங்கியபோது அவருக்கு வருத்தம்தான். அதை மறைக்கவும் இல்லை. “தூக்கிப் பிடிக்கவாவது ஒரு நிமிஷம் குடுத்திருக்கலாம்” என்று பஸ்ஸில் என்னிடம் சொன்னார்.

பொடியைப் பற்றிக் கம்பெனிக்குக் கொடுத்த ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் மேடம் ஒரு வரி எழுதியிருந்தார். மனிதர்கள் படுக்கும் மெத்தைக்கு இந்தப் பொடியைச் சேர்க்கக் கூடாது. வாய் வார்த்தையாக எங்களிடம் சொன்னது இன்னும் எளிமை: “சாமான் படுக்கிறதுக்குப் போடுங்க. ஆள் படுக்கிறதுக்குப் போடாதீங்க.” காரணமும் சொன்னார். கல் கலந்த ஃபோம் கனமாக இருக்கும், கெட்டியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் தொடர்ந்து பாரம் ஏறினால் அமுங்கிவிடும், திரும்ப எழாது, உள்ளுக்குள் பொடிந்து உதிரும்.

இந்தக் கனம்தான் வினையாயிற்று. எங்கள் தொழிலில் எடை கூடினால் தரம் கூடியதாக அர்த்தம். வாங்குகிறவர் மெத்தையின் ஒரு முனையைத் தூக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால் முகம் மலரும். கெமிக்கல் விலை ஏறிய ஒரு வருடம், எம்.டி. லேபுக்கே வந்தார். ஆஸ்பத்திரிகளுக்கு மெத்தை கொடுக்கும் பெரிய ஆர்டர் ஒன்று கிடைத்திருந்தது. பொடியை அதிலும் போடச் சொன்னார், அதுவும் பேக்கிங்குக்குப் போடுவதைப்போல் இரண்டு பங்கு.

“முடியாது சார். கல்லை நிறுத்து மெத்தைன்னு விக்கிறதா?”

“மேடம், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி.” கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று கன்னடத்தில் இந்த ஊர் மொத்தத்துக்கும் பொதுவான மந்திரம் அது.

“நான் அட்ஜஸ்ட் பண்ணலாம் சார். படுக்கிறவங்க எப்படிப் பண்ணுவாங்க? நோயாளிக்குப் புரண்டு படுக்கக்கூடத் தெம்பு இருக்காது.”

எம்.டி. கோபப்படவில்லை. பெரிய மனிதர்கள் கோபப்பட வேண்டியதில்லை. ஒரு வாரத்தில் மேடத்தை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். தரக் கட்டுப்பாட்டுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். தனி அறை, கண்ணாடிக் கதவு, கதவில் என் பெயர். ஸ்ரீராம்புரத்தில் என் வீட்டில் அன்றைக்குக் கேசரி கிளறினார்கள்.

அந்த ஆஸ்பத்திரி பேட்சுகளின் டெஸ்ட் ஷீட்டில் கையெழுத்துப் போட்டது நான்தான். யார் யாரோ நிர்ப்பந்தித்தார்கள் என்று எழுதினால் படிப்பவர்கள் நம்பக்கூடும். ஆனால் யாரும் நிர்ப்பந்திக்கவில்லை. ஷீட்டை மேஜையில் வைத்தார்கள், நான் பேனாவைத் திறந்தேன். நாற்பத்தெட்டு வயது, வேறு எங்கே போவது என்று மனசு சொன்னது. மனசு நமக்கு வேண்டியதைத்தானே சொல்லும்.

மேடம் ஸ்டோர்ஸிலிருந்து வந்து என் கண்ணாடிக் கதவைத் தட்டினார். “உட்கார்ந்து பார்த்தீங்களா மணி?”

“பார்த்தேன் மேடம்.”

பொய். அவருக்கும் அது தெரியும். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. “சரி, பீஸ் ஒண்ணு வெட்டி அலமாரியில வைங்க” என்றார். என் கையாலேயே பேட்ச் நம்பரை எழுத வைத்தார். அலமாரியைப் பூட்டி, சாவியை என் மேஜைமேல் வைத்தார். “இது உங்ககிட்டயே இருக்கட்டும்.” அந்த மாதக் கடைசியில் ராஜினாமா செய்தார். பிரிவு விழாவுக்கு வரவில்லை. அதற்காக வாங்கியிருந்த கேக்கை நாங்களே வெட்டிச் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு வருடங்கள் ஓடின. கிறிஸ்துமஸுக்கு நான் போன் செய்வேன். ஒரு வரி பேசுவார். பொடியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால், மழை ஈரத்தில் வீட்டு வாசற்படியில் வழுக்கி விழுந்து மேடத்துக்கு இடுப்பெலும்பு முறிந்தது. சர்க்கரை வியாதி வேறு. ஆபரேஷன் உடனே முடியாது என்று ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் பொது வார்டில் படுக்க வைத்திருந்தார்கள். நான் விஷயம் கேள்விப்பட்டுப் பழத்தோடு போனபோது கிரேஸ் கட்டிலுக்கு அடியில் கூட்டிக்கொண்டிருந்தார். “தினமும் கூட்டுறேன் சார், திரும்பத் திரும்பக் கொட்டுது” என்றார். பக்கத்துக் கட்டிலில் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த பெண், “எங்க கட்டிலுக்கு அடியிலயும் அப்படித்தான்மா, திருநீறு கொட்டுற மாதிரி” என்றார்.

முறத்தில் சாம்பல் நிறத் தூள் இருந்தது.

மேடம் கண்ணைத் திறந்தார். இளைத்துப் பாதியாகியிருந்தார். ஆனால் அந்தப் பார்வை மட்டும் இளைக்கவில்லை. “வாங்க மணி. மெத்தை கவர் ஜிப்புல பேட்ச் நம்பர் இருக்கு. எனக்குக் கண்ணாடி போட்டும் தெரியல. படிங்க.”

படித்தேன். வாய்விட்டுப் படிக்கவில்லை.

“விரலால அழுத்துங்க.”

மெத்தையின் ஓரத்தில் அழுத்தினேன். அவர் எண்ண ஆரம்பித்தார். “ஒண்ணு. ரெண்டு. மூணு.” ஒன்பதுவரை எண்ணிவிட்டு மூச்சு வாங்க நிறுத்தினார். பள்ளம் அப்படியே இருந்தது.

“ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தா போதும் மணி. நான் இருபத்தாறு நாளா படுத்திருக்கேன்.”

அவருடைய முதுகில் அப்போதே புண் வந்திருந்தது. அடுத்த நாள் காற்றடித்த மெத்தை ஒன்றை வாங்கிக்கொண்டு ஓடினேன். அதை விரித்து, நர்சும் கிரேஸும் அவரை மெல்லத் தூக்கி மாற்றினார்கள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நிம்மதி எனக்கு. மேடம் பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு வாங்கிட்டு வந்துட்டீங்க. அந்தம்மாவுக்கு?”

நான் காற்று மெத்தையின் ஓரத்தைச் சரிசெய்தேன்.

“இந்த வார்டுல மட்டும் பதினாலு கட்டில் மணி. கூட்டுற சத்தத்தை வெச்சு எண்ணிட்டேன். ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட நீங்க சொல்லணும். நான் சொன்னா வேலையை விட்ட கோபம்னு சொல்லுவாங்க. கையெழுத்து உங்களுது.”

“பார்க்கலாம் மேடம்” என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்களுக்குள் நடந்த கடைசிப் பேச்சு அதுதான். நான் ‘பார்த்துக்கொண்டிருந்த’ மூன்று வாரத்தில் புண் ஆழமாகிச் சீழ் பிடித்து, காய்ச்சல் ரத்தத்தில் ஏறி, போன திங்கட்கிழமை போய்விட்டார். மெத்தைதான் கொன்றது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. சர்க்கரை, வயது, எலும்பு என்று பல காரணங்களை எழுதியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் என் பெயர் இல்லை என்பதற்காக எனக்குச் சம்பந்தமில்லை என்றும் ஆகிவிடாது.

அடக்கத்துக்கு எம்.டி. வரவில்லை. பெரிய மலர் வளையம் வந்தது. முனிரத்தினம் வந்திருந்தார். மண் போடும்போது, “ஏரிப் பக்கம் திரும்பவும் கொட்ட ஆரம்பிச்சுட்டாங்க சார்” என்றார். வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் என்னிடம் சொன்னார், பாவம்.

ஹெலன் மேடம், நேற்று மத்தியானம் உங்கள் அலமாரியைத் திறந்தேன். அந்தத் துண்டு கீழ்த் தட்டில், என் கையெழுத்தில் நம்பரோடு அப்படியே இருந்தது. உங்கள் பெஞ்சைத் துடைத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். தக்காளி சாதம் இல்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன தயிர் சாதம்தான். சாப்பிட்ட பிறகு, அதன்மேல் உட்கார்ந்தபடியே ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். எந்தெந்த பேட்ச், என்ன கலந்தோம், எவ்வளவு கலந்தோம், எல்லாவற்றையும் எழுதினேன். எல்லாக் கட்டிலிலிருந்தும் உடனே எடுத்துவிடுங்கள், யார் கேட்டாலும் நேரில் வந்து சொல்லத் தயார் என்றும் எழுதினேன். எம்.டி.க்கு ஒரு நகல். கதவில் இருக்கும் என் பெயரை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் கழற்றிக்கொள்ளட்டும். தாமதமாக எழுதினேன், மன்னித்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீங்களும் அவ்வளவு சுலபமாக மன்னிக்கிற ஆள் இல்லை.

ஒரு மணி நேரம் ஆனதும் எழுந்து ஸ்கேலை வைத்தேன். நான்கு அங்குலத் துண்டு இரண்டே முக்காலில் நின்றது. கட்டை விரலால் அழுத்தி, உங்களைப்போல வாய்விட்டு எண்ணினேன். முப்பதுவரை எண்ணினேன். எழவில்லை மேடம்.

பெஞ்சின்மேல் கொஞ்சம் தூள் உதிர்ந்திருந்தது. அதைத் துடைக்காமல், உட்கார்ந்து பார்த்த பிறகு, கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மணிவண்ணன்
தரக் கட்டுப்பாடு